துணைக் கருவியா, சூதாட்டப் பெட்டியா?

அத்தியாயம் 7: தொண்டு நிறுவனங்களும் மின்னணு பிங்கோவும்

அமெரிக்காவில் ஒரு பள்ளியையோ நூலகத்தையோ முதியோர் மையத்தையோ தொண்டாக நடத்துகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. நிர்வாகக் குழு கூடியிருக்கிறது. வாடகை ஏறியிருக்கிறது, நன்கொடை குறைந்திருக்கிறது. அப்போது யாரோ ஒரு விற்பனையாளரை அழைத்து வருகிறார். அவர் பேச்சு இப்படிப் போகும்: “காகித அட்டையை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் பிங்கோ நடத்துவீர்கள்? நாற்பது மின்னணு இயந்திரங்களை நாங்களே கொண்டுவந்து வைக்கிறோம். உங்களுக்கு ஒரு டாலர் செலவில்லை. வரும்படியில் ஆளுக்கொரு பங்கு. உங்களிடம்தான் பிங்கோ உரிமம் இருக்கிறதே!”

குழுவில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். அந்த நாளுக்காகத்தான் இந்த அத்தியாயம். சென்ற அத்தியாயத்தில் காகித அட்டை பிங்கோவுக்கு உரிமம் பெறும் முறையைப் பார்த்தோம். அந்த உரிமத்தின் நிழலில் எந்த மின்னணுக் கருவியை வைக்கலாம், எதை வைத்தால் நிறுவனமே ஆட்டம் காணும் என்பதை இங்கே பார்ப்போம்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். ஆனாலும் பல மாநிலச் சட்டங்களுக்கு அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: கருவி ஆட்டக்காரருக்கு உதவலாம், அவருக்குப் பதிலாக ஆடக் கூடாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் தாமாக விளங்கும்.

ஆட்டத்தின் அடிப்படை

நம்மில் பலருக்குத் தம்போலா தெரியும். அதில் 90 எண்கள். அமெரிக்க பிங்கோவில் 75 எண்கள். அட்டையில் ஐந்து வரிசை, ஐந்து நிரல். நிரல்களின் தலையில் பி, ஐ, என், ஜி, ஓ என்ற ஐந்து எழுத்துகள். பி நிரலில் 1 முதல் 15 வரை, ஐ நிரலில் 16 முதல் 30 வரை என்று ஒவ்வொரு நிரலுக்கும் பதினைந்து எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். நடுக் கட்டம் இலவசம். எண் அழைப்பவர் ஒவ்வொரு பந்தாக எடுத்து எண்ணைச் சொல்ல, ஆட்டக்காரர் தம் அட்டையில் அதைத் தேடி மைக்குப்பியால் அடையாளம் வைப்பார். குறித்த வடிவம் நிறைந்ததும் “பிங்கோ!” என்று குரல் கொடுப்பார்.

இந்த ஆட்டத்தைச் சட்டம் சகித்துக்கொண்டதற்குக் காரணம் அதன் வேகம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் லாட்டரிக்கு அரசியலமைப்பிலேயே தடை இருந்தது. தேவாலயங்களும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் நடத்திய பிங்கோவுக்கு மட்டும் பின்னாளில் விலக்கு தந்தார்கள். ஒரு மனிதர் பந்தை எடுத்து, உரக்கச் சொல்லி, எல்லாரும் தேடி முடிக்கும் வரை காத்திருக்கிற ஆட்டம் அது. ஓர் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் மணிக்குப் பன்னிரண்டு ஆட்டம். ஆறு நொடிக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தும் இயந்திரத்தில் அதே ஒரு மணி நேரத்துக்குள் 600 ஆட்டம் முடிந்துவிடும். ஒருவர் ஒரே மாலையில் எவ்வளவு இழக்க முடியும் என்பதை இந்த வேகம்தான் முடிவு செய்கிறது. மின்னணு பிங்கோ பற்றிய விதிகளில் பெரும்பாலானவை இந்த வேகத்துக்குப் போட்ட கடிவாளங்கள்.

மூன்று வகைக் கருவிகள்

“மின்னணு பிங்கோ” என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். விற்பனையாளர் எதைச் சொல்கிறார் என்பதை முதலில் பிரித்தறியுங்கள்.

முதல் வகை, கார்டு மைண்டர். ஆட்டக்காரர் வாங்கிய அட்டைகளின் எண்களை நினைவில் வைத்திருக்கும் கையடக்கக் கருவி. எண் அழைக்கப்பட்டதும், எந்த அட்டையில் அது இருக்கிறது, எந்த அட்டை நிறைந்திருக்கிறது என்று காட்டும். கண்பார்வை மங்கியவர்களுக்கும், ஒரே நேரத்தில் பல அட்டைகள் ஆடுகிறவர்களுக்கும் துணை. எண்ணை எடுப்பதும் சொல்வதும் மேடையில் இருக்கும் மனிதர்தான்.

இரண்டாம் வகை, மின்னணு புல்-டேப். காகித புல்-டேப் என்பது மடிப்பைக் கிழித்துப் பார்க்கும் சீட்டு. ஒரு பெட்டியில் எத்தனை சீட்டு, அதில் எத்தனைக்குப் பரிசு என்பதெல்லாம் அச்சிடும்போதே முடிவாகியிருக்கும். அதையே டேப்லெட் திரையில் திறந்து பார்க்கும்படி செய்தது மின்னணு வடிவம். இது பிங்கோவின் உறவு. ஆனால் பல இடங்களில் சட்டமும் வரித்துறையும் இதைத் தனியாகவே நடத்துகின்றன.

மூன்றாம் வகை, பார்வைக்கு ஸ்லாட் மெஷினைப் போலவே இருக்கும் பெட்டி. பணத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் உருளைகள் சுழன்று நிற்கும். உள்ளே ஒரு சர்வர் நொடிப்பொழுதில் எண்களை எடுத்து, இணைந்திருக்கும் மற்ற பெட்டிகளோடு ஒப்பிட்டு, வெற்றியைத் தீர்மானித்துவிடும். திரையின் மூலையில் ஒரு சின்ன பிங்கோ அட்டை தெரியும். அந்த அட்டையைக் காட்டித்தான் “இது பிங்கோதான்” என்று வாதாடுவார்கள். வழக்குகள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

யார் யார் சட்டம் போடுகிறார்கள்

பிங்கோவை முதலில் கட்டுப்படுத்துவது மாநிலம். அரசியலமைப்புத் திருத்தம், அதன்கீழ் ஒரு சட்டம், அதன்கீழ் ஒரு துறையின் விதிகள் என்று அது இறங்கும். அடுத்து நகரமும் கவுண்டியும். கலிபோர்னியாவில் 1976-இல் வந்த அரசியலமைப்புத் திருத்தம் தொண்டுக்கான பிங்கோவை அனுமதிக்கும் வாய்ப்பை நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் திறந்தது. உங்கள் நகரத்தில் அதற்கான உள்ளூர்ச் சட்டம் இல்லையென்றால் அங்கே பிங்கோ நடத்த முடியாது. டெக்சஸிலும் 1980 திருத்தத்தின்படி அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் தேர்தலில் ஒப்புக்கொண்ட இடத்தில் மட்டுமே நடத்தலாம்.

மூன்றாவது, ஒன்றிய அரசு. 1951-இல் வந்த ஜான்சன் சட்டம், சூதாட்ட இயந்திரங்களை அவை தடைசெய்யப்பட்ட மாநிலத்துக்குள் கொண்டு செல்வதைக் குற்றமாக்கியது. அத்தகைய இயந்திரங்களை மாநிலம் விட்டு மாநிலம் வணிகம் செய்வோர் ஒன்றிய நீதித்துறையில் ஆண்டுதோறும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பற்றிப் பின்னால் பார்ப்போம்.

இங்கே அடிக்கடி எழும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். “பக்கத்துப் பழங்குடி காசினோவில் இதே இயந்திரம் சட்டப்படி ஓடுகிறதே, நாம் வைத்தால் என்ன?” என்று கேட்பார்கள். பழங்குடியினர் நிலத்துக்குச் சட்டமே வேறு. 1987-இல் கபசோன் பழங்குடி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, 1988-இல் இந்தியப் பழங்குடி சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அது பிங்கோவை இரண்டாம் வகுப்பில் வைத்து, மின்னணுத் துணைக் கருவிகளுக்கும் இடம் தருகிறது. அந்தச் சட்டம் உங்கள் அரங்கத்தைத் தொடாது. பழங்குடி காசினோவைக் காட்டி யாராவது விற்க வந்தால், அந்த வாதத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

அலபாமா தந்த ஆறு அளவுகோல்கள்

அலபாமா அரசியலமைப்பு லாட்டரியைத் தடை செய்கிறது. ஆனால் சில கவுண்டிகள் தனித் திருத்தங்கள் மூலம் தொண்டுக்கான பிங்கோவுக்கு அனுமதி பெற்றன. அந்தத் திருத்தங்களில் இருந்த “பிங்கோ” என்ற சொல்லை நம்பிப் பெரிய அரங்குகளில் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் வந்து உட்கார்ந்தன. 2008 இறுதியில் அன்றைய ஆளுநர் பாப் ரைலி சட்டவிரோதச் சூதாட்டத்துக்கு எதிராகச் சிறப்புப் படை ஒன்றை அமைத்தார். வழக்குகள் தொடர்ந்தன.

2009 நவம்பரில் பார்பர் எதிர் கார்னர்ஸ்டோன் கம்யூனிட்டி அவுட்ரீச் வழக்கில் அலபாமா உச்ச நீதிமன்றம் பிங்கோவுக்கு ஆறு இலக்கணங்களை வகுத்தது. அவற்றின் சாரம்:

1. ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டையாவது இருக்க வேண்டும்.
2. எண்கள் குலுக்கலில் எடுக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கப்பட வேண்டும்.
3. ஆட்டக்காரர் அறிவிப்பைக் கவனித்து, தம் அட்டையில் தாமே அடையாளம் வைக்க வேண்டும்.
4. கவனம் தவறினால் வெற்றி வாய்ப்பு கைநழுவ வழி இருக்க வேண்டும்.
5. அட்டை நிறைந்துவிட்டதை ஆட்டக்காரரே உணர்ந்து, மற்றவர்களுக்கு முன்னால் உரக்க அறிவிக்க வேண்டும்.
6. பலர் கூடி, யார் முதலில் என்று ஒருவரோடு ஒருவர் போட்டியிடும் ஆட்டமாக இருக்க வேண்டும்.

நான்காவதை மறுபடி படியுங்கள். தவறவிடும் வாய்ப்பு இருந்தால்தான் அது பிங்கோ. பொத்தானை அழுத்திவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாலும் பரிசு தானாக விழும் என்றால், அங்கே ஆடுவது இயந்திரம். நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்க இந்தப் பட்டியலைவிடக் கைக்கு எளிதான அளவுகோல் இல்லை. இது உங்கள் மாநிலத்தின் சட்டமாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் இந்த ஆறிலும் தேறும் கருவியால் வம்பு வருவது அரிது.

சட்ட வாசகத்தில் “மின்னணு” என்ற சொல் இருப்பதே போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். அலபாமாவின் கிரீன் கவுண்டித் திருத்தத்தில் அட்டையோடு “மின்னணு அடையாளக் கருவி” என்ற சொற்களும் உண்டு. அப்படியிருந்தும் அது மரபான பிங்கோவையே குறிக்கும் என்று 2014-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேக்கன் கவுண்டியில் ஷார்ட்டர் ஊரின் விக்டரிலேண்ட் அரங்கில் 2013 பிப்ரவரியில் 1,615 இயந்திரங்கள் பறிமுதலாயின. அவை சட்டவிரோதம் என்ற தீர்ப்பு 2016 மார்ச்சில் வந்தது. கிரீன் கவுண்டியின் கிரீன்ட்ராக் நிறுவனம், தன் வருமானம் தொண்டு பிங்கோவின் வருமானம், ஆகவே வரி கிடையாது என்று வாதாடியது. 2022-இல் அந்த வாதம் தோற்றது. வரியும் வட்டியுமாக 7.6 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டிய கட்டாயம் வந்தது. பத்தாண்டுக்கு முந்தைய கணக்கு இப்படி ஒருநாள் வாசலில் வந்து நிற்கும்.

கலிபோர்னியா போட்ட கோடு

அலபாமாவில் நீதிமன்றம் சொன்னதைக் கலிபோர்னியாவில் சட்டமன்றமே எழுதி வைத்தது. அங்கே காசினோ இயந்திரங்களை நடத்தும் உரிமை பழங்குடியினருக்கு மட்டுமே உண்டு. அதற்கு ஈடாக அவர்கள் மாநிலத்தோடு ஒப்பந்தம் செய்து பணம் செலுத்துகிறார்கள். தொண்டு அரங்குகளில் மின்னணு பிங்கோ இயந்திரங்கள் பெருகியபோது அந்த ஏற்பாடே ஆட்டம் கண்டது. 2008-இல் செனட் மசோதா 1369 வந்தது. குற்றவியல் சட்டத்தின் 326.5 பிரிவு இன்று தெளிவான கோட்டைக் காட்டுகிறது.

அந்தப் பிரிவின்படி பிங்கோ என்பது, ஆட்டக்காரர் கையில் இருக்கும் தொட்டு உணரக்கூடிய அட்டையில், நேரில் நிற்கும் அழைப்பாளர் சொல்லும் எண்களை அடையாளமிடும் ஆட்டம். எண்ணை எடுப்பதற்கும் அதை எல்லாருக்கும் காட்டுவதற்கும் மின்னணுத் திரை வைக்கலாம். அதற்கு மேல் அனுமதிக்கப்படுவது கையடக்கக் கார்டு மைண்டர் ஒன்றுதான்.

அது செய்ய வேண்டியவை: ஆட்டக்காரர் விலைக்கு வாங்கிய காகித அட்டைகளின் எண்களைச் சேமித்து வைத்தல், அழைக்கப்படும் ஒவ்வோர் எண்ணையும் ஆட்டக்காரரே கையால் உள்ளிட வழி தருதல், ஒப்பிட்டுப் பார்த்து வெற்றி வடிவத்தைச் சுட்டுதல்.

செய்யக் கூடாதவை: நாணயமோ நோட்டோ பணமதிப்புள்ள வேறெதுவோ வாங்குதல், கொடுத்தல், ஆட்டக்காரர் வாங்காத அட்டையைக் கண்காணித்தல், சுழலும் உருளை போன்ற காசினோ தோற்றத்தில் முடிவைக் காட்டுதல், முடிவைத் தானே தீர்மானித்தல், பந்து எடுக்கும் கருவியோடோ இன்னொரு கார்டு மைண்டரோடோ கம்பி வழியாகவோ அலை வழியாகவோ இணைந்திருத்தல். மாநிலத்தின் முன் ஒப்புதல் இல்லாத கருவியைப் பயன்படுத்தவே முடியாது.

எண்ணைக் கையால் உள்ளிட வேண்டும் என்ற விதி சிலருக்கு வீண் தொல்லையாகத் தோன்றும். அந்த ஒரு விதிதான் ஆட்டத்தை மனிதக் கையில் நிறுத்தி வைக்கிறது. கையை எடுத்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் பழைய பெட்டி புதுப் பெயரில் திரும்பி வரும்.

கருவியைத் தாண்டியும் 326.5 பிரிவு பல கட்டளைகள் இடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பரிசு 500 டாலரைத் தாண்டக் கூடாது. ஆட்டத்தை நடத்துவோர் அந்த அமைப்பின் உறுப்பினர்களாக மட்டுமே இருக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. காவலருக்கு மட்டும் ஊதியம் தரலாம், அதை பிங்கோ வருமானத்திலிருந்தே தரவும் இடமுண்டு. ஆட்டத்தின் வருமானத்தில் அமைப்பைத் தவிர வேறு எவருக்கும் நிதிப் பங்கு இருக்கக் கூடாது. “வரும்படியில் ஆளுக்கொரு பங்கு” என்று ஆரம்பத்தில் கேட்டோமே, கலிபோர்னியாவில் அந்தப் பேச்சே குற்றத்தின் வாசற்படி.

டெக்சஸ், மினசோட்டா: இருவேறு வழிகள்

டெக்சஸின் பிங்கோ சட்டம் 1981-இல் வந்தது. நீண்ட காலம் மாநில லாட்டரி ஆணையம் இதைக் கவனித்து வந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று அந்த ஆணையம் கலைக்கப்பட்டு, பொறுப்பு மாநில உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறையிடம் போனது. பழைய படிவத்தையும் பழைய முகவரியையும் வைத்திருப்பவர்கள் உடனே புதுப்பித்துக்கொள்ளுங்கள். கார்டு மைண்டருக்கு டெக்சஸ் போடும் தடைகள் மூன்று: எண்களை உருவாக்கவோ தீர்மானிக்கவோ கூடாது, பணம் வாங்கும் உண்டியலாக இருக்கக் கூடாது, பரிசு தரும் பெட்டியாக இருக்கக் கூடாது. ஓர் ஆட்டத்துக்குப் பரிசு வரம்பு 750 டாலர். ஓர் அமர்வுக்கு மொத்தம் 2,500 டாலர். புல்-டேப்பும் 50 டாலருக்கு மிகாத பரிசு ஆட்டங்களும் இந்த மொத்தத்தில் சேராது.

மினசோட்டா வேறு பாதையில் போனது. வைகிங்ஸ் கால்பந்து அரங்கத்துக்கான மாநிலப் பங்கைத் திரட்ட, 2012-இல் மின்னணு புல்-டேப்பையும் பல இடங்களை இணைக்கும் மின்னணு பிங்கோவையும் சட்டமே அனுமதித்தது. இவற்றை நடத்துவது உரிமம் பெற்ற தொண்டு அமைப்புகள். முதலில் எதிர்பார்த்த வரி வரவில்லை. பிறகு வெள்ளமாக வந்தது. அரங்கக் கடன் 2023-இலேயே அடைந்துவிட்டது. அதே 2023-இல் சட்டமன்றம் இன்னொரு முடிவும் எடுத்தது. ஒரே தொடுகையில் எல்லா மடிப்பையும் திறந்து காட்டும் வசதி ஸ்லாட் மெஷினின் உணர்வைத் தருகிறது என்ற குறை நெடுநாள் இருந்தது. 2025 தொடக்கத்திலிருந்து அந்த வசதிக்குத் தடை வந்தது.

இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். இன்று அனுமதி இருக்கிறது என்பதால் ஐந்தாண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டுவிடாதீர்கள். “சட்டம் மாறினால் அபராதமின்றி ஒப்பந்தம் முடிவுக்கு வரும்” என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும்.

வரியில் தவறும் இடம்

தொண்டு நிறுவனம் என்பதால் பிங்கோ வருமானத்துக்கு வரியே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். ஐ.ஆர்.எஸ். பார்வையில் சூதாட்டம் நடத்துவது தொண்டு ஆகாது. அது தொண்டுக்குத் தொடர்பில்லாத வருமானம். ஆனால் வரிச் சட்டத்தின் 513(எஃப்) பிரிவு பிங்கோவுக்கு ஒரு விலக்குத் தருகிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள்: பந்தயம் கட்டுவது, வென்றவரைத் தீர்மானிப்பது, பரிசு தருவது ஆகிய மூன்றும் அந்த ஆட்டத்தில் பணம் கட்டிய எல்லார் முன்னிலையிலும் நடக்க வேண்டும், அந்தப் பகுதியில் வணிக நிறுவனங்கள் வழக்கமாக நடத்தும் ஆட்டமாக இருக்கக் கூடாது, மாநில, உள்ளூர்ச் சட்டங்களை மீறியிருக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையைப் பாருங்கள். மாநிலச் சட்டம் அனுமதிக்காத இயந்திரத்தை வைத்தால் மாநிலத்தின் தண்டனையோடு ஒன்றிய அரசின் வரி விலக்கும் போய்விடும். புல்-டேப் இந்த விலக்குக்குள் வராது. வேலை அநேகமாக முழுவதும் சம்பளமில்லாத தொண்டர்களால் நடந்தால் வேறொரு விலக்கு கிடைக்கலாம். ஆகவே தொண்டர் வருகைப் பதிவேட்டை ஒவ்வோர் அமர்விலும் எழுதி வைப்பது வெறும் சடங்கன்று. அது வரிக் காகிதம்.

ஆண்டில் ஆட்டங்களின் மொத்த வரவு 15,000 டாலரைத் தாண்டினால் 990 படிவத்தோடு ஜி அட்டவணையின் மூன்றாம் பகுதியையும் நிரப்ப வேண்டும். பெரிய பரிசு வென்றவருக்கு டபிள்யூ-2ஜி படிவம் தர வேண்டும். பிங்கோவுக்கு இந்த வரம்பு பல ஆண்டுகள் 1,200 டாலராக இருந்து அண்மையில் மாறியிருக்கிறது. அந்தந்த ஆண்டின் படிவக் குறிப்பைப் பார்த்தே செயல்படுங்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

விற்பனையாளர் கொண்டுவரும் வண்ணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

1. இந்தக் குறிப்பிட்ட மாடலுக்கும் அதன் மென்பொருள் பதிப்புக்கும் நம் மாநில ஒழுங்குமுறை அமைப்பு தந்த ஒப்புதல் கடிதம் எங்கே? தனியார் சோதனைக்கூடத்தின் சான்றிதழ் மட்டும் போதாது. கருவி சீராக இயங்குகிறதா என்பதைச் சோதனைக்கூடம் சொல்லலாம். அது சட்டப்படி செல்லுமா என்பதை மாநிலம்தான் சொல்ல வேண்டும்.
2. தயாரிப்பாளரிடமும் விநியோகிப்பவரிடமும் நம் மாநில உரிமம் உள்ளதா? எப்போது காலாவதியாகிறது?
3. எண்ணை எடுப்பது யார்? எங்கே? அரங்கில் உள்ளவர்கள் அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?
4. கருவிக்குள் பணம் போகிறதா? வெளியே வருகிறதா?
5. ஆட்டக்காரர் எழுந்து போய்விட்டாலும் பரிசு விழுமா?
6. உங்களுக்கு நாங்கள் தருவது நிலையான வாடகையா, வரும்படியில் விழுக்காடா? நம் மாநிலத்தில் விழுக்காடு செல்லுமா?
7. பறிமுதல் நடந்தால் வழக்குச் செலவு யாருடையது?

ஐந்தாம் கேள்விக்கு “விழும்” என்று பதில் வந்தால், மாநிலத்தின் எழுத்துமூலமான அனுமதியைக் கண்ணால் பார்க்கும் வரை அந்தக் கூட்டத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஏழாம் கேள்விக்கு விற்பனையாளர் தயங்கினால் அந்தத் தயக்கமே விடை. “எல்லா இடத்திலும் வைத்திருக்கிறார்கள்” என்பது சட்டப் பாதுகாப்பு தராது. விக்டரிலேண்டிலும் எல்லாரும் பார்க்கத்தான் வைத்திருந்தார்கள்.

ஐயம் இருந்தால் ஒழுங்குமுறைத் துறைக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். கேட்டவருக்கு அபராதம் போட்ட துறை இல்லை. கேட்காமல் வைத்தவர்களிடம்தான் பறிமுதல் வண்டி வந்து நிற்கிறது.

உரிமம் கிடைத்த பிறகு

கார்டு மைண்டர்களை வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கிவிட்டீர்கள் என்று கொள்வோம். ஒவ்வோர் அமர்விலும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்.

கருவிகளை எண்ணி வாங்குங்கள். எண்ணித் திருப்பிக் கொடுங்கள். எந்தக் கருவியில் எந்த வரிசை எண் அட்டைகள் ஏற்றப்பட்டன என்பதற்கு அச்சிட்ட பட்டியல் எடுத்துக் கோப்பில் வையுங்கள். வெற்றி அறிவிக்கப்பட்டதும் கருவியின் திரையை மட்டும் நம்பாமல், அட்டையின் வரிசை எண்ணை எல்லார் காதிலும் விழும்படி வாசித்துச் சரிபாருங்கள். கருவி பழுதானால் என்ன செய்வது என்ற விதியைச் சுவரில் ஒட்டி வையுங்கள். கலிபோர்னியா போன்ற இடங்களில் ஆட்டக்காரர் கையில் காகித அட்டை இருந்தே ஆக வேண்டும் என்பதால், கருவி அணைந்தாலும் ஆட்டம் நிற்காது.

பணப் பெட்டியைத் திறப்பதும் எண்ணுவதும் எப்போதும் இருவர் கையால் நடக்கட்டும். அதே இருவர் எல்லா வாரமும் வராமல் மாற்றுங்கள். பிங்கோ வருமானத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கலிபோர்னியாவில் பிங்கோ பணத்தைப் பிற பணத்தோடு கலப்பதற்கே தடை உண்டு. கென்டக்கியில் பரிசு போக மீதமுள்ள வரவில் 40 விழுக்காடாவது தொண்டுக்கென நிற்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் இத்தகைய அளவு இருந்தால் அதை ஆண்டு முடிவில் மட்டும் பார்க்காமல் மாதந்தோறும் கணக்கிடுங்கள். கருவி வாடகை மெதுவாக ஏறித் தொண்டின் பங்கைத் தின்பதை மாதக் கணக்குதான் காட்டிக் கொடுக்கும்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்

கடைசியாக, சட்டப் புத்தகத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று. பிங்கோ அரங்குக்கு வருகிறவர்களில் முதியவர்கள் நிறையப் பேர். மாலைப் பொழுதின் தனிமையைப் போக்க வருகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசுவார்கள், ஒரு காப்பி குடிப்பார்கள், இருபது டாலர் செலவழித்துவிட்டுச் சிரித்தபடி வீடு போவார்கள். அந்த இருபது டாலரில் ஒரு பகுதி உங்கள் பள்ளிக்கோ நூலகத்துக்கோ வருகிறது. இதில் யாருக்கும் தீங்கில்லை.

அதே முதியவரை ஒரு திரைக்கு முன் தனியாக உட்கார வைத்து, ஆறு நொடிக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். பணம் மட்டும் நகரும். அவருடைய ஓய்வூதியம் உங்கள் கட்டட நிதியாக மாறுவதைத் தொண்டு என்று சொல்ல மனம் ஒப்புமா? ஒவ்வோர் ஆட்ட இரவிலும் சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள உதவும் மாநிலத் தொலைபேசி எண்ணை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள். வாரந்தோறும் வந்து அளவு மீறிச் செலவழிப்பவரைத் தொண்டர்கள் தனியாக அழைத்துப் பரிவோடு பேசட்டும்.

இந்த அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கருவி வந்தாலும் அதன் முன் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். எண்ணைக் கேட்டது நீங்களா, அடையாளம் வைத்தது நீங்களா, “பிங்கோ” என்று குரல் கொடுத்தது நீங்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் “ஆம்” என்றால் உரிமத் துறைக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குங்கள். ஒன்றுக்கேனும் “இல்லை” என்றால், துறையின் எழுத்துமூல அனுமதி கைக்கு வரும் வரை அந்தப் பெட்டி உங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டாம்.